தள்ளு, நான் பண்றேன்

ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். பெண் முதலில் வந்தாள். பையன் பொறுமையில்லாமல் அவளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான் என்று அம்மா சொல்வாள். அப்பா பேருந்து ஓட்டுநர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஏன், எப்படி, யார் சொன்னது என்று குறுக்கு விசாரணை செய்துகொண்டே இருந்த மகளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்த மகனுக்கு மெக்கானிக். தெருவிலும் பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கடைசியில் பல்கலைக்கழகம் வரை கூடவே வந்துவிட்டது.

மெக்கானிக் கழற்றியதெல்லாம் திரும்பப் பழைய உருவத்துக்கு வந்ததா என்று கேட்டால் வம்பு. அப்பாவின் சவர இயந்திரம் அவன் கைபட்ட அன்றோடு கண்ணை மூடியது. சுவர்க் கடிகாரம் பின்பக்கமாக ஓடத் தொடங்கியது. ஆனாலும் அவனுக்கு ஒரு திட்டு விழவில்லை. "விடு, பையன் பழகுறான்" என்று அப்பா சிரித்துக்கொண்டார். ஜட்ஜம்மா ஒரே ஒரு தடவை அம்மாவின் கைபேசியைக் கீழே போட்டாள். ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? வேணும்னா தம்பிகிட்ட கேக்க வேண்டியதுதானே!" என்று அம்மா அன்று முழுக்க முணுமுணுத்தாள். அவன் உடைத்தால் பழக்கம், அவள் உடைத்தால் கவனக்குறைவு. எழுதாத சட்டத்துக்குத்தான் எப்போதும் ஆயுசு அதிகம்.

இருவரும் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையில் சேர்ந்தபோது அப்பா ஒரு மடிக்கணினி வாங்கி வந்தார். இருவருக்கும் பொது என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியை மகன் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கடா. அக்காவுக்கும் அப்பப்ப குடு." அந்த 'அப்பப்ப' யார் காதிலும் உறைக்கவில்லை. மடிக்கணினி அவன் மேசைக்குப் போயிற்று, நாலாம் வருடம் வரை அங்கேயே இருந்தது.

அவன் கெட்ட பிள்ளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் மீது அவனுக்கு உயிர். அவளுக்கு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது அவன்தான். கடவுச்சொல்லும் அவன் வைத்ததே. கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, ஓரம் சரிசெய்து, துறைக்கு அனுப்பி வைப்பான். அவள் எதையாவது திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் யோசித்தால் போதும், நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். "தள்ளு, நான் பண்றேன். நீ பண்ணி முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்." அவளும் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்திக்கொள்வாள். தோழிகளுக்குப் பொறாமை. "உனக்கென்னடி குறைச்சல், வீட்டுக்குள்ளயே மெக்கானிக்" என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

துறையின் கணினி அறையில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. யார் எங்கே உட்கார வேண்டும் என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. இருந்தாலும் வரிசை வரிசையாக ஒரே காட்சி: விசைப்பலகைக்கு நேரே பையன், பக்கத்து நாற்காலியில் மடியில் நோட்டோடு பெண். பையனுக்குத் தெரியாவிட்டாலும் தட்டிக்கொண்டிருப்பான். பெண்ணுக்குத் தெரிந்தாலும் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில், கணினி கொஞ்சம் முரண்டு பிடித்தால் அடுத்த வரிசைப் பையன் கூப்பிடாமலே எழுந்து வருவான். மெக்கானிக்கே அப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறான். போகும்போது அவன் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்திருக்கும்.

அக்காளும் தம்பியும் ஒரே கணினிதான். அவள் தலை, அவன் கை. "இந்தக் கிணத்தையும் அந்த ஆத்தையும் ஒண்ணா வச்சுக் காட்டு. மழைக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம்" என்று அவள் சொல்வாள். அவன் விரல்கள் ஓடும். வரைபடம் திரையில் விரியும்போது இருவருக்கும் அது தானே செய்தது போல் இருக்கும். அதில்தான் இருந்தது கோளாறு.

நான்காம் ஆண்டில், நீர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று துறையிலிருந்து ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஒரு வருடக் களப்பணி. கடலோரமாக ஊர் ஊராகப் போய், நிலத்தடியில் உப்பு எங்கே, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஜட்ஜம்மா அதுவரை தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "இது எனக்கு வேணும்" என்றாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் சில வருடங்களாகவே குழாய்த் தண்ணீர் கரித்தது; தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. கட்டடக் காவலாளியிலிருந்து மாநகராட்சி ஆள் வரை அவள் விசாரிக்காத ஆள் இல்லை. யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகமே மாறிப்போயிற்று.

நேர்காணலில் வெளுத்து வாங்கினாள். துறைத் தலைவியான பேராசிரியைதான் அதற்கும் தலைமை. கேள்வி கேட்க வந்தவர்களிடம் இவள் திருப்பிக் கேள்வி கேட்டு, அவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும்படி ஆயிற்று. மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். கணினி அறையில் வரைபடம் போட வேண்டும், ஆளுக்கொரு கணினி.

மெக்கானிக் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தான். மற்றவர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"ஆரம்பிக்கவே இல்லடா."

படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்பவும் நான் வந்து உக்காரும்போது எல்லாம் தொறந்தே இருக்கும். இன்னிக்கு ஒண்ணுமே தொறக்கல. எதை மொதல்ல அழுத்தணும்னே தெரியல. புதுசா இருந்துச்சு, யார் வீட்டுக்குள்ளயோ நுழைஞ்ச மாதிரி." தன் கைகளை விரித்துப் பார்த்தாள். "கண் பாத்தா கை செய்யும்னு சொல்வாங்கல்ல. உன் கையைப் பாத்துப் பாத்து, எனக்கும் வந்திருச்சுன்னே நெனச்சுட்டு இருந்தேன். பழமொழி சொன்னவன் ஒரு தடவை பண்ணிப் பாத்திருக்கலாம்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நாலு வருடமாகத் தான் கொடுத்துக்கொண்டிருந்தது என்ன, எடுத்துக்கொண்டிருந்தது என்ன என்று அவனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. யாரும் கூப்பிடாமலே அவன் எழுந்து போய் உதவிய பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எவளும் கேட்கவில்லை, இவன்தான் போனான்.

பேராசிரியை விட்டுவிடவில்லை. மறுநாள் இருவரையும் சேர்த்தே அறைக்கு அழைத்தார்.

"உன் கேள்விங்களை நான் மறக்க மாட்டேம்மா. அதனால உனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மறுதேர்வு கேட்டு வாங்கியிருக்கேன். அடுத்த வாரம் கோப்பு அனுப்புவாங்க. வீட்டுலயே உக்காந்து பண்ணு, அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடணும். ஒரே தடவைதான் அனுப்ப முடியும். இன்னொரு ஆள் உதவி கூடாது. அது உன் மனசாட்சி." பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலே மெக்கானிக்கைப் பார்த்தார். "உன் மனசாட்சியும்தான்."

அன்று மாலை மடிக்கணினி அவன் மேசையிலிருந்து அவள் மேசைக்குக் குடிபெயர்ந்தது. "கேட்டா மட்டும் சொல்லு. கையை வச்சே, ஒடிச்சிருவேன்" என்றாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அந்த ஒரு வாரம் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் ஒரு கோப்பைச் சேமித்துவிட்டு எங்கே சேமித்தோம் என்று வீடு முழுக்கத் தேடுவது போலத் தேடுவாள். ஒரு பொத்தானை அழுத்துமுன் பத்துப் பொருத்தம் பார்ப்பாள். இவனுக்கு உள்ளங்கை அரிக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

ஆனால் இன்னொன்றையும் அந்த வாரத்தில்தான் கண்டான். கணினி ஏதாவது பிழை என்று செய்தி காட்டினால் அவள் அதை முழுக்கப் படித்தாள்.

"'முதல் வரியில தலைப்பு இல்ல'ன்னு சொல்லுதேடா. அப்ப தலைப்பை எழுதிட்டாப் போதும். நீ இதையெல்லாம் படிக்கவே மாட்டியா?"

"அதையெல்லாம் யாரு படிப்பா? மூடிட்டு மறுபடி அழுத்தினா வந்துரும்."

"வரலேன்னா?"

"இன்னொரு தடவை அழுத்துவேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஊரே மெச்சிய தன் கெட்டிக்காரத்தனத்தில் பாதி குருட்டுத் துணிச்சல் என்று அவனுக்குப் புரிந்தது. உடைத்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள் என்ற தைரியம். அந்தத் தைரியத்தை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. அதில்லாமலே அவள் ஒரு வாரத்தில், அவன் ஒரு நாளும் திறந்து பார்க்காத பக்கங்களுக்கெல்லாம் போய்வந்துவிட்டாள். வார முடிவில் ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தானே போட்டாள். வண்ணம் கொஞ்சம் கண்ணைக் குத்தியது. அதைச் சொல்லாமல் இருக்க அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தேர்வு நாள் வந்தது. அப்பா பணிக்குப் போய்விட்டார். அம்மாவும் பல் மருத்துவமனையில் தன் வரவேற்பாளர் வேலைக்குப் போயிருந்தாள். காலையில் கோப்பு வந்தது. கடலோரக் கிணறுகள், ஒவ்வொன்றின் இடத்தையும் காட்டும் இரண்டு எண்கள், தண்ணீரில் உள்ள உப்பின் அளவு. உப்பு எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக் கூடத்திலேயே இருந்துகொண்டான். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டை மட்டும் கதவருகே வைத்தான்.

நாலு மணிக்கு மேல் அவள் வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது.

"கொஞ்சம் கிணறு மட்டும் நடுக்கடல்ல போய் விழுது. கடலுக்குள்ள யாராவது கிணறு வெட்டுவாங்களா? எங்கயோ ஒண்ணு இடிக்குது. ஒரு சுத்து நடந்துட்டு வரேன்."

அது அவள் வழக்கம். பரீட்சைக்குப் படிக்கும்போதும் அப்படித்தான். மண்டைக்குள் முடிச்சு விழுந்தால் கட்டடத்தைச் சுற்றி நடப்பாள். நடந்துவிட்டு வந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும். அவனுக்கு அது தெரியும். அவனைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தெரிந்தும் எழுந்தான்.

சும்மா பார்க்கத்தான் போனான். உட்காரக்கூட இல்லை, குனிந்துதான் பார்த்தான். படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கடலுக்கு நடுவில் ஒரு பிடி புள்ளிகள் எள் தூவியது போல் கிடந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தாள். அவனுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. இந்த வாய்ப்பும் போய்விட்டால் அவள் இன்னொரு தடவை அந்தப் படிக்கட்டில் உட்கார வேண்டியிருக்கும். அதைப் பார்க்கும் சக்தி அவனுக்கு இல்லை. யாருடைய வலிக்கு அவன் மருந்து தேடினான், அவளுடையதற்கா தன்னுடையதற்கா என்று கேட்டால், பாவம், அவனுக்கே சொல்லத் தெரியாது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவன் பதறினான். நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்கள் தாமாக ஓடின. கடலில் விழுந்த புள்ளிகள் தப்பான புள்ளிகள். தப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து நீக்கினான். கணினி ஏதோ எச்சரிக்கை காட்டியது. அவன் வழக்கம் போல அதைப் படிக்காமல் மூடினான். வண்ணத்தை மாற்றினான், எழுத்தைச் சீராக்கினான். படம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று வந்தது. அவள் மின்னஞ்சல் திறந்தே இருந்தது. இணைத்தான். அனுப்பினான். நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டபோது அவனுக்கு நிம்மதியாகவே இருந்தது.

படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் இரண்டிரண்டு படியாக ஏறி, மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்டா! அதெல்லாம் கடல்ல இல்ல. அளந்தவங்கள்ல ஒரு குழு மட்டும் அந்த ரெண்டு எண்ணையும் எடம் மாத்தி எழுதியிருக்கு. திருப்பிப் போட்டாப் போதும், எல்லாம் கரைக்கு வந்திரும். உப்பு அதிகமா இருக்கிற கிணறே அதுதான்! ஆத்து முகத்து வழியாத்தான் உள்ள ஏறுது. அஞ்சே நிமிஷ வேலை, தள்ளு!"

அவன் எழவில்லை. எழ முடியவில்லை. அவள் அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். உங்கள் விடை வந்து சேர்ந்தது, நன்றி என்று திரை சொன்னது. மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது.

"அந்தக் கிணறெல்லாம் எங்கடா?"

"தப்பான புள்ளின்னு… எடுத்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். முதுகில் நாலு சாத்து சாத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் இப்பவே மேடம்கிட்ட போறேன்" என்றான். "நான்தான் பண்ணினேன்னு சொல்லிடறேன். உன்மேல தப்பே இல்லன்னு சொல்றேன்."

"சொன்னா, இன்னொருத்தன் பண்ணினதுன்னு என் பேரையே அடிச்சிருவாங்க. சொல்லலேன்னா, இந்தப் படம்தான் என் படம்." அவள் குரல் உயரவே இல்லை. "இதையாவது எனக்காகப் பண்ணாம இருடா."

அவன் சரி என்று தலையாட்டினான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளுக்காக அவன் ஒன்றும் செய்யவில்லை.

இடம் வேறொருவனுக்குப் போயிற்று. முடிவு வந்த அன்று பேராசிரியை அவளை அழைத்தார். கதவு பாதி திறந்திருந்தது. தாழ்வாரத்தில் நின்றவனுக்கு எல்லாம் கேட்டது.

"படம் ரொம்ப அழகா இருக்கும்மா. அழகு யாருக்கு வேணும்? அந்தக் கிணறுங்களை வேணும்னேதான் வச்சிருந்தோம், யாராவது ஏன்னு கேக்கிறாங்களான்னு பாக்க. மத்தவங்க தூக்கிப் போட்டா நான் ஆச்சரியப்பட மாட்டேன். நீயா? பொருந்தாததைத் தூக்கி எறியிற ஆளா நீ?"

அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? உண்மை தொண்டை வரை வந்திருக்கும், விழுங்கிக்கொண்டாள். "சாரி மேடம்" என்றாள். அந்த இரண்டு சொல்லும் வாசலில் நின்றவனைக் கூறுபோட்டன. தன் தப்புக்கு அவள் கேட்கும் மன்னிப்பு. உள்ளே ஓடிப் போய்க் காலில் விழலாம் போல் இருந்தது. வாக்குக் கொடுத்திருந்தான், அதனால் நின்றான்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"என்னை ஏதாவது திட்டேன்" என்றான். "நான் பண்ணினதுக்கு மன்னிப்பே கிடையாது, தெரியும். உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

"வேலை போனா இன்னொண்ணு வரும். அதுக்கு இல்லடா." சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானே பண்ணித் தோத்திருந்தா, நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். ஜெயிச்சிருந்தா, சாகிற வரைக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். அன்னிக்கு அந்த அஞ்சு நிமிஷ வேலையை என் கை பண்ணியிருக்குமா, பண்ணியிருக்காதா? அது எனக்குத் தெரியாமலே போச்சு, பாரு."

அவனுக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.